கைப்பிடியில் தடவிய வெள்ளி நைத்திரேற்று

எங்கள் ரசாயன ஆசிரியருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆசிரியர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கண் கலங்கி நன்றி சொல்வது நம்மவர்களிடையே வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த மனிதர் விஷயத்தில் கண்ணும் கலங்கவில்லை, நன்றியும் வரவில்லை.

அறுபதுகளின் கடைசிப் பகுதி அது. கேகாலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். மேல் மலையில் தேயிலை, கீழ்ச் சரிவில் ரப்பர். அப்பா கீழே பால் வெட்டினார், அம்மா மேலே கொழுந்து பறித்தாள். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து இறங்கி வந்து பஸ் பிடித்து நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். உயர்தர வகுப்பில் விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்க அந்தப் பக்கத்தில் அதைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. தோட்டத்திலிருந்து அந்த வகுப்புக்குப் போன பெண் பிள்ளை நான் ஒருத்திதான்.

ஆசிரியர் கடைவீதிக்காரர். பெரிய புடவைக்கடை அவருடைய அண்ணனுடையது. அவருடைய பாட்டனும் என்னுடைய பாட்டனும் ஒரே கரையில் கப்பல் ஏறியவர்களாகத்தான் இருக்க வேண்டும். பேச்சு அப்படியே எங்கள் பேச்சு. ஆனால் அவர்கள் கடைவீதியில் தங்கினார்கள், நாங்கள் மலை ஏறினோம். அவர்களுக்குப் பிரஜாவுரிமை இருந்தது, எங்களுக்கு இல்லை; எங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தமும் ஆகியிருந்தது. அந்த வித்தியாசத்தை அவர் ஒரு நாள்கூட மறந்தது கிடையாது, எங்களையும் மறக்க விட்டது கிடையாது.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று ஊர் சொன்னோம். என் முறை வந்ததும் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"தோட்டத்துல ஆரு? கிளாக்கரா? டீமேக்கரா?"

"இல்ல சார். அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. அப்பா பால் வெட்டுறாரு."

"அப்போ கெமிஸ்ட்ரி எதுக்கு? கொழுந்து நிறுக்கவா?"

வகுப்பு சிரித்தது. நான் உட்காரவில்லை. அவர் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே அவரைப் பார்த்தேன். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை என்று அப்போதே தெரிந்தது. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

ஆனால் ஆய்கூடம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் இருந்தும் பிடித்திருந்தது. நீளமான அறை. அமிலம் தின்று குழி விழுந்த மேசைகள். சுவரோரத்தில் கண்ணாடி அலமாரிகள். வெள்ளைப் பீங்கான் தட்டில் சிறு சிறு குழிகள் இருக்கும். ஒரு குழியில் தெரியாத உப்புக் கரைசலில் ஒரு துளி, அதன்மேல் சோதனைப் பொருளில் ஒரு துளி. அவ்வளவுதான் வேலை. வெள்ளி நைத்திரேற்று விழுந்ததும் தயிர்போலத் திரண்டால் குளோரைட்டு. பேரியங் குளோரைட்டு விழுந்து மாவுபோல வெளுத்து, அமிலத்திலும் கரையாமல் நின்றால் சல்பேற்று. பொற்றாசியம் பெரோசயனைட்டு இரும்பைக் கண்டால் மைநீலமாகும், செம்பைக் கண்டால் சொக்கலேட் நிறமாகும். ஈய அசற்றேற்றில் நனைத்த தாளை அழுகிய முட்டை நாற்றம் வரும் குழாயின் வாயில் பிடித்தால் கறுத்துப் பளபளக்கும். லயத்து வாசலில் கோலம் போட்டு வளர்ந்தவள் நான். துளியைச் சிந்தாமல் வைக்க என் கைக்குத் தெரியும். என்னுடைய தட்டு எப்போதும் சுத்தமாக இருக்கும், விடையும் சரியாக இருக்கும். அவர் வந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பக்கத்தில் இருந்த கடைவீதிப் பையன் தட்டைக் குழப்பி வைத்திருந்தால் அவன் கையைப் பிடித்து மறுபடியும் செய்ய வைப்பார்.

ஆய்கூடத்தில் ஒரு உதவியாள் இருந்தான். நடுத்தர வயது. குழாய்களைக் கழுவுவது, போத்தல்களை நிரப்புவது, பூட்டுவது, திறப்பது அவன் வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கியிருந்தான். ஆசிரியருடைய மனைவி வழியில் ஏதோ சொந்தம். அதனால் அவனும் எங்களை அதட்டுவான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். "ஏய் தோட்டம்" என்பான்.

இரண்டாம் வருடத்தில்தான் ஸ்பிரிட் களவு போகத் தொடங்கியது. விளக்குக்கு ஊற்றுகிற ஸ்பிரிட் ஒரு பெரிய போத்தலில், மூலை அலமாரியில் இருக்கும். அது விளக்கில் எரிந்ததைவிட வேகமாகக் குறைந்தது. ஆசிரியர் வகுப்பில் இரண்டு முறை எச்சரித்தார். எச்சரிக்கும்போது பார்வை பின் பெஞ்சுகளில் இருந்தது. அங்கே நானும், தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த ஒரு பையனும் இருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒருவரிடமும் சொல்லாமல் அந்த அலமாரியின் கைப்பிடியிலும் போத்தலின் கழுத்திலும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் தடவி வைத்தார். அது தண்ணீர் மாதிரி இருக்கும், நிறம் கிடையாது. தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டபின்தான் கறுக்கத் தொடங்கும். சவர்க்காரத்துக்குப் போகாது. தோல் உரிந்து புதுத் தோல் வரும்வரை அப்படியே இருக்கும். வகுப்பில் அதைச் சிந்திக்கொண்ட எல்லோருக்கும் இது தெரியும்.

அந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நான் அம்மாவோடு மலைக்குப் போனேன். மழைக்குப் பிறகு கொழுந்து கொட்டிக் கிடந்தது. லீவு நாளிலும் கைக்காசுக்குப் பறிக்க ஆள் கூப்பிட்டார்கள். பறித்த அன்றே கையில் காசு. எனக்கு சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது. இரண்டு நாளும் நனைந்துகொண்டே பறித்தேன். கொழுந்துச் சாறு ஊறி என் இரண்டு கையிலும் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் கறுத்துப் போயின. நக இடுக்கு, ரேகை எல்லாம் கறுப்பு. கொழுந்தெடுக்கிற எல்லாப் பெண்களின் கையும் அப்படித்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் உயர்தர வகுப்பை மட்டும் ஆய்கூடத்துக்கு வெளியே வெயிலில் வரிசையாக நிறுத்தினார்.

"எல்லாரும் கையை நீட்டுங்க."

எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை. நகம் பார்க்கிறார் என்று நினைத்தோம். ஒவ்வொரு கையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு மனிதன் தான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதென்று நினைக்கும்போது வருகிற சந்தோஷம்.

"வாடி வெளியில."

வரிசையிலிருந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். என் கையைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினார்.

"பாத்துக்கங்க. இதுதான் வெள்ளி நைத்திரேற்று. ஒருத்தருக்கும் சொல்லாம ஸ்பிரிட் அலமாரியில தடவி வச்சிருந்தேன். கள்ளி தானா வந்து மாட்டிக்கிட்டா."

"சார், இது கொழுந்துக் கறை."

"என்ன?"

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கைக்காசுக்குப் போனேன் சார். தேயிலைக் கறை இது."

"ஆப்பிட்டவங்க எல்லாரும் ஏதாச்சும் கதை வச்சிருப்பாங்க. ஸ்பிரிட்டை ஆருக்குக் கொண்டுபோய்க் குடுக்கிற? அப்பனுக்கா?"

அப்பா குடிக்கிறவர்தான். அதை லயத்தில் இருந்த எல்லோரும் அறிவார்கள். ஆனால் அந்த மனிதர் அதை வெயிலில் நின்ற இத்தனை பேருக்கு முன்னால் சொன்னபோது கையை உதறி விடுவித்துக்கொண்டேன்.

"எங்கப்பாவைப் பத்திப் பேசாதீங்க."

"பேசுனா என்ன செய்வ? எப்படியும் நீங்கள்லாம் இந்தியாவுக்கு மூட்டை கட்டப் போறவங்க. போறதுக்கு முன்னால கையில கிடைச்சதை அள்ளிக்கிட்டுப் போகப் பாக்குறீங்க."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை. என் பக்கத்தில் நின்ற தெரணியகலைப் பையன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது.

என்னைப் பள்ளிக்கூட அதிபர் அறைக்குக் கொண்டுபோனார்கள். அதிபர் சண்டை சச்சரவு என்றால் ஓடி ஒளிகிற சுபாவம் உள்ளவர். தாயையோ தகப்பனையோ அழைத்துக்கொண்டு வா, அதுவரை ஆய்கூடத்துக்குள் போகாதே என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அழவில்லை. அவரை எப்படி மடக்குவது என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன். லயத்துக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"இதுக்கா கள்ளின்னான்?"

"ஆமா."

"தேசிக்காய் இருக்கு. தேச்சுவிடுறேன், வா. நாளைக்கு வெள்ளையாப் போ."

கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவதற்கு முன் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த எலுமிச்சைப் புளிக்குக் கொழுந்துக் கறை இளகும். அம்மா சொன்னதைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

"வேணாம்மா. கறை நாளைக்கு அப்படியே இருக்கணும். தேசிக்காயை மட்டும் எடுத்துக்க."

மறுநாள் அம்மா வேலைக்குப் பெயர் கொடுக்காமல் என்னோடு வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். கையை மட்டும் கழுவியதோடு விட்டிருந்தாள்.

அதிபர் அறையில் ஆசிரியர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு நாற்காலி போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அம்மா நேரே மேசைக்குப் போய் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தாள். மலையில் இத்தனை வருடமாக வெட்டுப்பட்டு, வெடித்து, வெடிப்புக்குள்ளெல்லாம் கறுப்பு ஊறிய கை.

"நானுந்தான் ஒங்க அலமாரியைத் தொறந்தேனா, சார்? பாத்துச் சொல்லுங்க."

ஆசிரியர் அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை. அதிபரைப் பார்த்துப் பேசினார்.

"இவங்க கையில இருக்கிறது கொழுந்துக் கறை சார். மகள் கையில இருக்கிறது வேற."

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன்.

"ரெண்டும் வேற வேறன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, சார்?"

"பாத்தாலே தெரியும்."

"பாத்தாலே தெரியுமுன்னா நம்மளை எதுக்கு ஒவ்வொரு உப்புக்கும் சோதனை செய்யச் சொல்றீங்க? பாத்தே சொல்லிறலாமே."

"வாயைப் பாருங்க சார், வாயைப் பாருங்க" என்றார் அதிபரிடம்.

நான் அதிபரிடம் திரும்பினேன். "சார், ஆய்கூடத்துல வச்சு ஒரே ஒரு சோதனை செய்றேன். எல்லாரும் பாக்கட்டும். நான் சொல்றது பொய்யா இருந்தா இன்னைக்கே பேரை வெட்டிட்டுப் போயிடுறேன்."

"பள்ளிக்கூடத்துச் சாமானை இவ விளையாடுறதுக்கா வாங்கி வச்சிருக்கோம்?" என்றார் ஆசிரியர்.

அதிபர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். நான் விட்டாலும் அம்மா அந்த அறையை விட்டு நகரமாட்டாள் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "சரி, செஞ்சு பாக்கட்டும்" என்றார்.

ஆய்கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். உதவியாள் குழாய் கழுவுகிற பேசினுக்குப் பக்கத்தில் நின்றான். வலக் கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தான். முதல் நாளே கண்ணாடிக் குழாய் உடைந்து வெட்டிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

நான் வெள்ளி நைத்திரேற்றுப் போத்தலைக் கேட்டேன். ஆசிரியர் தராமல் நின்றார். அதிபர் தலையசைத்தபின் எடுத்து வைத்தார். கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி எடுத்து, கறையில்லாத என் இடக் கைச் சுண்டுவிரலில், எல்லோரும் பார்க்க, தடவினேன். அம்மா, "ஏய், என்னடி செய்ற?" என்று கத்திவிட்டாள்.

"ஒண்ணும் செய்யாதும்மா."

ஜன்னலைத் திறந்து வெயிலில் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நின்றேன். தோல் முதலில் கலங்கின மாதிரி ஆனது, பிறகு செம்மண் நிறம், அதன்பின் கபிலம். அது நன்றாகக் கறுக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. பாட மணி அடித்தது. யாரும் வெளியே போகவில்லை.

அம்மா மடியிலிருந்த தேசிக்காயை எடுத்தாள். பாதியாக வெட்டி, ஒரு பாதியால் என் வலக் கை ஆட்காட்டி விரலைத் தேய்த்தேன். இன்னொரு பாதியால் சுண்டுவிரலைத் தேய்த்தேன். இரண்டையும் ஒரே அளவு நேரம், ஒரே அளவு அழுத்தித் தேய்த்தேன். தண்ணீரில் கழுவி மேசைமேல் வைத்தேன். ஆட்காட்டி விரலில் கறுப்பு இளகி, பழுத்த இலை நிறத்துக்கு வந்திருந்தது. நகத்தைச் சுற்றி மட்டும் ஒரு கோடு மிச்சமிருந்தது. சுண்டுவிரல் அப்படியே கறுப்பாக இருந்தது.

"சார் தடவினது இது. நான் பறிச்சது இது" என்றேன்.

அதிபர் குனிந்து இரண்டு விரலையும் பார்த்தார். வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. ஆசிரியர் முகம் கறுத்துவிட்டது. "தேசிக்காய்ச் சோதனை எந்தப் பாடப் புத்தகத்துல இருக்கு?" என்றார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அம்மா அந்தப் பக்கமே பார்க்காமல் பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு கையில என்ன சுத்தியிருக்கு?"

"வெட்டிருச்சு" என்றான் உதவியாள்.

"வெட்டுன கையாலயா காலையிலேர்ந்து வாளி தூக்கிக்கிட்டு இருந்தீங்க? வாசல்ல பாத்தேனே. அவுத்துக் காட்டுங்க."

"நீ ஆரு எனக்குச் சொல்ல? தோட்டக்காட்டுப் பொம்பளை..."

அம்மா கிட்டே போனாள். அதிபர் அவசரமாக, "அவிழ்த்துக் காட்டு" என்றார். எங்களுக்காகச் சொன்னாரா, அம்மா அவனை அடித்துவிடுவாளோ என்று பயந்து சொன்னாரா, தெரியாது. அவன் ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். துணி அவிழ்ந்தது. வெட்டுக்காயம் எதுவும் இல்லை. உள்ளங்கையின் குறுக்கே அலமாரிக் கைப்பிடி அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை. நான்கு விரல்களின் உட்பக்கமும் கறுப்பு.

பிறகு ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் தடவும்போது இவன்தான் கூட நின்னு உதவி செஞ்சான். அப்ப பட்டிருக்கும் சார்."

தடவியதை ஒருவரிடமும் சொல்லவில்லை என்று முதல் நாள் வெயிலில் பெருமையாகச் சொன்னவர் அவர். அதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அதிபரும் ஜன்னல் வழியாகக் கேட்டிருப்பார். ஆனால் அதிபர் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சரி, சரி. விஷயம் முடிஞ்சுது. எல்லாரும் பாடத்தைப் பாருங்க."

"என்ன முடிஞ்சுது?" என்றாள் அம்மா. "எம் மகளைக் கள்ளின்னு சொன்னது என்ன ஆச்சு?"

"யாரும் அப்படிச் சொல்லலையே, அம்மா" என்றார் ஆசிரியர். அம்மா என்று அப்போதுதான் முதல் முறை கூப்பிட்டார்.

"சொன்னீங்க. இந்தப் பிள்ளைங்க முன்னால சொன்னீங்க. இதே பிள்ளைங்க முன்னால இல்லைன்னு சொல்லுங்க. நான் போறேன்."

அவர் சொல்லவில்லை. உடுப்பில் இருந்த சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா ஆய்கூடத்து நடுவில் வெகுநேரம் நின்றாள். கடைசியில் நான்தான் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஏறும்போது, "இன்னும் படிக்கணுமா அங்க?" என்று கேட்டாள். "படிக்கணும்" என்றேன்.

உதவியாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறை மறையும்வரை லீவு எடுத்துக்கொண்டு போனான், பிறகு திரும்பி வந்தான். ஸ்பிரிட் போத்தலை மட்டும் அதிபர் தன் அறைக்கு மாற்றிக்கொண்டார். அதன்பின் அது குறையவில்லை.

எனக்கோ அதன்பின்தான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. செய்முறை வகுப்பில் உடைந்த வாயுள்ள குழாய்கள் எனக்கு வரும். சோதனைப் பொருள் போத்தல் என் மேசைக்கு வரும்போது கொஞ்சம்தான் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியர் என் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். கேள்வி கேட்டால் காது கேளாதவர்போல நிற்பார். நானும் விடவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதையே இன்னும் சத்தமாகக் கேட்பேன். பக்கத்து மேசைக்காரர்கள் எரிச்சல்படுவார்கள். எரிச்சல்படட்டும் என்றிருந்தேன். அந்த வருடம் முழுக்க நான் நல்ல பிள்ளையாக இருக்கவில்லை. இருக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவும் இல்லை.

பரீட்சைக்கு முன்னால் ஒரு பயிற்சிச் செய்முறை வைத்தார்கள். ஆளுக்கொரு தெரியாத உப்பு. என்னுடையதில் வெள்ளி நைத்திரேற்று விட்டதும் வெண்மையாகக் கலங்கியது. குளோரைட்டு என்று எழுதப் போனேன். ஆனால் அது தயிர்போலத் திரளவில்லை. கலங்கிய கஞ்சித் தண்ணீர் மாதிரி மங்கலாக இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. உப்பே போடாமல், என் மேசையில் இருந்த காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஒரு குழாயில் ஊற்றி அதில் ஒரு துளி விட்டேன். அதுவும் அதேபோலக் கலங்கியது. காய்ச்சி வடித்த நீர் கலங்கக் கூடாது. என் போத்தலில் இருந்தது பைப் தண்ணீர்.

பக்கத்து மேசைப் போத்தலில் இருந்து கொஞ்சம் எடுத்து அதையும் சோதித்தேன். அது தெளிவாக நின்றது.

போத்தலை எடுத்துக்கொண்டு நேரே ஆசிரியர் மேசைக்குப் போனேன்.

"சார், என் போத்தல்ல பைப் தண்ணி இருக்கு. மத்தவங்க போத்தல்ல இல்ல."

அவர் தாளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணி நெரப்புறது நான் இல்ல."

"நெரப்புறது ஆருன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும்."

"அப்போ அவன்கிட்ட கேளு."

உதவியாள் பேசினுக்குப் பக்கத்தில் நின்று குழாய் கழுவிக்கொண்டிருந்தான். சிரித்தான். நான் அந்தப் போத்தலை அவன் காலடியில் கவிழ்த்தேன். தண்ணீர் அவன் கட்டியிருந்த சறத்தின் நுனியில் தெறித்தது.

"ஒன் தண்ணியை நீயே வச்சுக்க."

அவன் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. தெரணியகலைப் பையன் எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றான். அன்றைக்கு வெயிலில் பேசாமல் நின்றவன் இந்த முறை பேசினான். "வேணாங்க அண்ணே. அடிச்சா நானே அதிபர்கிட்ட சொல்லுவேன்" என்றான். தன் மேசையில் இருந்த வடித்த நீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

மறுவாரத்திலிருந்து நான் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போனேன். எங்கள் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை. கூரையில் பட்ட தண்ணீர் சரிவராது என்று வெட்டவெளியில் ஒரு முக்காலியின் மேல் கழுவிய எனாமல் கோப்பையை வைத்துப் பிடித்தேன். லயத்துப் பெண்கள், "வானத்துத் தண்ணியைப் பிடிச்சு என்னடி வைத்தியம் செய்யப் போற?" என்று கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பார்த்தேன். கலங்கவில்லை. பேரியங் குளோரைட்டும் விட்டுப் பார்த்தேன். தெளிவாகவே நின்றது. அந்த வருடம் முடியும்வரை ஆய்கூடத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட நான் தொடவில்லை.

செய்முறைப் பரீட்சை வெளியூரில் நடந்தது. ரம்புக்கனைக்குப் போய் ரயில் ஏறினேன். அப்பா கூட வந்தார். அன்றைக்குக் குடிக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. என்னைத் தெரிந்த முகமும் இல்லை. எல்லா மேசையிலும் ஒரே மாதிரிப் போத்தல்கள் இருந்தன. அதைப் பார்த்தே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மேற்பார்வையாளர் ஒருவர் நடந்துகொண்டே வந்து என் பீங்கான் தட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா செஞ்சிருக்கிறீங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு சொற்களை எங்கள் ஆசிரியர் இரண்டு வருடத்தில் ஒருமுறை சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்?

சித்தியடைந்தேன். ரசாயனத்தில் வகுப்பிலேயே கூடிய பெறுபேறு என்னுடையது. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. உரிமைக் கடதாசி இல்லாமல் அரசாங்க வேலையும் கிடைக்கவில்லை. வீட்டில் இந்தியாவுக்குப் போவதா இருப்பதா என்று பல வருடம் சண்டை நடந்தது. அம்மா போகமாட்டேன் என்று நின்றாள், நாங்களும் இங்கேயே நின்றுவிட்டோம். கடைசியில் ரப்பர் சாமான் செய்கிற ஒரு தனியார் தொழிற்சாலையின் ஆய்கூடத்தில் என்னை எடுத்தார்கள். ரப்பர் பாலில் செம்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் முதல் வேலை. செம்பு கலந்தால் ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும். அங்கே என்னோடு வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள். என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். எரிச்சல் வந்த நாட்களும் உண்டு. ஆனால் கையை நீட்டச் சொல்லி யாரும் என்னை வெயிலில் நிறுத்தவில்லை.

எண்பதுகள் தொடங்கிய பிறகு ஒரு நாள் கேகாலை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். புடவைக்கடைப் பொதி ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்க்காததுபோலத் திரும்பினேன். அவர்தான் கிட்டே வந்தார். கூட ஒரு ஆள் இருந்தார், கடைக்காரர் யாரோ.

"நல்லா இருக்கீங்களாம்மா? லேப்ல பெரிய வேலையாமே. கேள்விப்பட்டேன்." பக்கத்து ஆளிடம் திரும்பினார். "நம்ம கிட்ட படிச்ச பிள்ளை. கெட்டிக்காரி. அப்பவே சொன்னேன், இந்தப் பிள்ளை மேல வரும்னு."

அப்பவே சொன்னாராம். எனக்குத் தலை சூடேறியது. என் வயது அதற்குள் முப்பதைத் தாண்டியிருந்தது. பெரியவர், போகட்டும் என்று சொல்லித்தான் எல்லோரும் என்னை வளர்த்திருந்தார்கள். ஆனால் வாய் அடங்கவில்லை.

"அப்ப என்னைக் கள்ளின்னு சொன்னீங்க, சார். அம்மா கேட்டும் இல்லைன்னு சொல்லல."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "அதெல்லாம்... பழைய கதை. பிள்ளைங்க நல்லா வரணும்னுதானே கண்டிக்கிறது."

"நல்லா வர்றதுக்கு யாரும் பைப் தண்ணி ஊத்தி வைக்கிறதில்ல. இப்பவாவது சொல்லுங்க, சார். இவர் முன்னால சொல்லுங்க. நான் எடுக்கலன்னு."

பக்கத்தில் நின்ற ஆள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆசிரியர் பொதியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். உதடு அசைந்த மாதிரி இருந்தது. "பஸ் வருது" என்றார்.

அது அவருடைய பஸ் அல்ல, என்னுடையது. நான் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னானா?"

"இல்ல."

"சொல்லமாட்டான்" என்றாள். முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.